காரைக் கோட்டையும் அட்டைக் கோட்டையும்

இன்றைய சொற்பொழிவின் பொருள், எல்லைக் கோட்டைகளின் இடிபாடுகளும் திரைப்படங்கள் அவற்றைக் காட்டும் விதமும்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை நின்ற இடத்தில் இன்று கண்ணில் படுவது முள்புதர் மூடிய ஒரு மேடு. அதைச் சுற்றி அகழி. அவ்வளவுதான். ஆனால் அந்த மேட்டுக்கு வயது 400 ஆண்டுக்கும் மேல். 1610இல் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் விஜயநகர அரசின் இசைவோடு இங்கே பண்டகசாலை வைத்தது. 1612இல் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி நாசம் செய்தனர். திறந்த பண்டகசாலை இனி உதவாது என்று உணர்ந்த டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டினர். நெதர்லாந்தில் உள்ள கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரை அதற்குச் சூட்டினர். அப்போது சென்னப்பட்டினம் என்றொரு ஊரே கிடையாது. ஆங்கிலேயர் அங்கே இடம் வாங்கியது 1639இல்தான். சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையகம் 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை பழவேற்காட்டில்தான் இருந்தது.

அந்தக் கோட்டையின் வழியே என்னவெல்லாம் போயின? சாயமிட்ட துணி போயிற்று. கிழக்கே மலுக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமென்றால் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணிக்கே அங்கே மதிப்பு. வைரம் போயிற்று. இங்கேயே ஆலை வைத்து இடித்த வெடிமருந்து போயிற்று. மனிதர்களும் போனார்கள். பஞ்சத்திலும் போரிலும் சிக்கியவர்களை அடிமைகளாக வாங்கி பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். அந்த மேட்டின் கதையில் இந்தப் பகுதியை விட்டுவிட்டால் மீதி வெறும் வணிகக் கணக்காகிவிடும்.

1781இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். திருப்பிக் கொடுத்தனர். 1795இல் மறுபடி பிடித்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்தே போட்டனர். 1825இல் ஊர் முழுவதுமாக ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது காக்கக் கோட்டை இல்லை. ஆகவே அந்த மேடு காலம் தின்ற மிச்சம் என்று எண்ணுவது தவறு. மனிதர் கடப்பாரை போட்டு இடித்த மிச்சம் அது. இடிபாடு ஒவ்வொன்றையும் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: விழுந்ததா, வீழ்த்தப்பட்டதா?

இனி ஒரு கற்பனை. இந்தக் கெல்டிரியாவை ஒருவர் படமாக எடுக்க வருகிறார் என்று கொள்வோம். திரையில் கோட்டை எப்படி இருக்கும்? கருங்கல் மதில், பொளிந்த கற்களின் வரிசை, உச்சியில் கொடி, அடியில் தீவட்டி. பார்ப்பவர்கள் நம்புவார்கள். ஏன் நம்புவார்கள்? கோட்டை என்றால் கல் என்று சினிமாவே அறுபது எழுபது ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

ஆனால் இந்தக் கரையில் கல் எங்கே இருக்கிறது? மணல் இருக்கிறது, களிமண் இருக்கிறது, ஏரி இருக்கிறது. ஏரியின் அடியில் கிளிஞ்சல் இருக்கிறது. அந்தக் கிளிஞ்சலை வாரிக் கரைசேர்த்து, காளவாயில் அடுக்கிச் சுட்டு, நீர் தெளித்துப் பூக்கவைத்தால் சுண்ணாம்பு. நாம் கூடியிருக்கும் இந்தச் சுண்ணாம்புக்குளத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. சுண்ணாம்புக்குளத்தாருக்குச் சுண்ணாம்பைப் பற்றி விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆயினும் வெளியூர் படக்குழுவுக்காகச் சொல்லியே ஆக வேண்டும். இக்கரையின் கட்டடக்கலை என்பது செங்கல்லும் காரையும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் குழைத்த காரை. கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் மாக்கல் பொடியும் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினால் சுவரில் முகம் பார்க்கலாம். மதராஸ் வந்த ஐரோப்பியப் பயணிகள் அந்தச் சுவர்களைப் பார்த்து, இது சலவைக்கல் என்றே ஏமாந்து எழுதினார்கள். வெயிலில் கண் கூசும் வெள்ளைச் சுவர்கள்! சினிமாவின் கருங்கல் இருட்டு இங்கே எந்தக் காலத்தில் இருந்தது?

இது அற்ப விஷயம் என்று சிலர் சொல்லக்கூடும். சுவர் கல்லாக இருந்தால் என்ன, மண்ணாக இருந்தால் என்ன, கதை ஒன்றுதானே? ஒன்றல்ல. இதற்குப் பாஞ்சாலங்குறிச்சியைவிட நல்ல சான்று இல்லை.

1959இல் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் படத்தைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் அருமை. பி. ஆர். பந்துலு இயக்கம், சிவாஜி கணேசன் நடிப்பு, சக்தி கிருஷ்ணசாமி வசனம். அதன் போர்க்காட்சிகள் ராஜஸ்தானத்து ஜெய்ப்பூரில் எடுக்கப்பட்டவை. ஆகவே தமிழ் மனத்தில் பதிந்திருக்கும் பாஞ்சாலங்குறிச்சி ராஜபுத்திரச் சாயல் கொண்டது. நிஜமான பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையோ மண்கோட்டை. அதைத் தாக்கிய படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி பின்னாளில் தன் நினைவுக்குறிப்புகளை அச்சிட்டபோது அதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்.

மண் என்பதில் என்ன இருக்கிறது? எல்லாமே அதில்தான் இருக்கிறது! 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். படை திரட்டி ஆங்கிலேயர் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து பார்க்கிறார்கள். இடித்துத் தரைமட்டமாக்கிய இடத்தில் கோட்டை நிற்கிறது! சில நாட்களுக்குள் மக்கள் திரண்டு எழுப்பிவிட்டார்கள். கருங்கல் கோட்டையை அப்படி எழுப்ப முடியுமா? கல் வெட்ட வேண்டும், வண்டியில் ஏற்ற வேண்டும், பொளிய வேண்டும். மண் என்றால் ஊரே மண்வெட்டியோடு இறங்கினால் போதும். அந்த மண்சுவர் பீரங்கிக் குண்டையும் உள்வாங்கிக்கொண்டது. கல்லாக இருந்தால் சிதறும். மண்ணோ குண்டை விழுங்கிவிட்டு நிற்கும். 1801 மார்ச் இறுதியில் நடந்த முதல் தாக்குதல் தோற்றதற்கு வீரத்தோடு அந்த மண்ணும் ஒரு காரணம். மே 24இல்தான் கோட்டை விழுந்தது. அதன்பின் இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது வழக்கு. திரையில் கல்மதிலைக் காட்டிய கணத்தில் இந்தக் கதை முழுவதும் புரியாமல் போய்விடுகிறது. ஊர் மக்கள் சேர்ந்து கட்டிய கோட்டை, ராஜா ஒருவருக்குச் சொந்தமான அரண்மனை ஆகிவிடுகிறது.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டியது. பழைய கோட்டையின் அடித்தளம் தனியே அருகில் கிடக்கிறது. சுற்றுலா வரும் பேருந்துகள் எங்கே நிற்கின்றன? புதிய கோட்டையின் வாசலில். பிள்ளைகள் எதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்? அதன்முன்தான். முதலில் கோட்டை அழிந்தது, பிறகு படம் வந்தது, பிறகு கோட்டை வந்தது. இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அதே படம் ஒரு பெயரையும் அகராதியில் நிலைக்கச் செய்தது. காட்டிக்கொடுப்பவன் என்ற பொருளில் எட்டப்பன் என்ற சொல் இன்று மேடைக்கு மேடை ஒலிக்கிறது. எட்டப்பர்களின் எட்டையபுரம் ஆங்கிலேயர் பக்கம் நின்றது உண்மை. ஆனால் தப்பிச் சென்ற கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். ஒரு பாளையத்தின் தலைமுறைகள் பல தாங்கிய பட்டப்பெயர் வசைச்சொல்லாகிவிட்டது. சுவரில் செய்த பிழையை இடித்துக் கட்டலாம். பெயரில் செய்த பிழையை என்ன செய்வது?

இந்தக் கோளாறு தமிழகத்துக்கு மட்டும் உரியதா? கடல் கடந்து பார்க்கலாம். பிரிட்டன் தீவின் குறுக்கே ரோமானியர் கட்டிய எல்லைச்சுவர் ஒன்று உண்டு. பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 122இல் தொடங்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 117 கிலோமீட்டர். 1991இல் கெவின் காஸ்ட்னர் நடித்த ராபின் ஹுட் படத்தில், நாயகன் இங்கிலாந்தின் தென்கோடிக் கடற்கரையில் இறங்கி, இரவுக்குள் ஊர் போய்ச் சேரலாம் என்று நடக்கத் தொடங்குகிறான். அடுத்த காட்சியில் இந்தச் சுவரருகே, ஒற்றை மரத்தடியில் நிற்கிறான். அவன் போக வேண்டிய நாட்டிங்காம் நாட்டின் நடுவில் இருக்கிறது; சுவரோ அதையும் தாண்டி வெகுதொலைவு வடக்கே. கன்னியாகுமரியில் இறங்கி மதுரைக்குப் புறப்பட்டவன் அன்று மாலையே பழவேற்காட்டு முகத்துவாரத்தில் கால் நனைத்த கதை! அந்த மரம் அதன்பின் உலகப்புகழ் பெற்றது. 2023 செப்டம்பரில் ஓர் இரவில் அது அறுத்துத் தள்ளப்பட்டபோது இங்கிலாந்தே துக்கம் கொண்டாடியது. சுவர் பெறாத கண்ணீரை மரம் பெற்றது.

தூரக்கணக்கு பிழைத்தது என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆழமான பிழை வேறிடத்தில் உள்ளது. அந்த மரம் நின்ற பகுதியில் படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் தெரியும் அழகான சுவரின் பெரும்பங்கு ரோமானியர் அடுக்கியபடி இருப்பதல்ல. ஜான் கிளேட்டன் என்ற நிலக்கிழார் 19ஆம் நூற்றாண்டில் சுவர் ஓடும் நிலங்களை வாங்கி, உதிர்ந்து கிடந்த கற்களை ஆட்களைக் கொண்டு மறுபடி அடுக்கினார். காரை இல்லாமல், கல்மேல் கல்லாக, உச்சியில் புல் வளரும்படி அடுக்கினார். அவர் இல்லாவிட்டால் அந்தக் கற்கள் பண்ணை வீடுகளுக்குப் போயிருக்கும். அந்த நன்றி அவருக்கு உரியது. ஆனால் ரோமானியர் சுவரில் சுண்ணாம்புச் சாந்து இருந்தது. சுவருக்கு வெள்ளையும் அடித்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேற்குப் பகுதியில் முதலில் எழுந்ததோ கல்சுவரே அல்ல. புல்தரையைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிய மண்சுவர். வல்லரசின் எல்லையும் மண்தான், பாளையக்காரனின் கோட்டையும் மண்தான். சினிமாவுக்கு மட்டும் இரண்டுமே கருங்கல்.

ரோமானியரைப் பற்றிப் பேசும்போது அரிக்கமேட்டை விட முடியாது. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கும் மேடு அது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். இத்தாலியச் செம்பாண்டங்களும் மது வந்த கூர்ங்குட ஓடுகளும் கிடைத்தன. ரோமானிய வணிக நிலையம் என்று அறிவித்தார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் அகழ்ந்தபோது, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பும் நின்ற பின்பும் அங்கே மக்கள் வாழ்ந்தது தெரிந்தது. வெளிநாட்டார் நிறுவிய ஊர் என்ற எண்ணம் மாறி, வெளிநாட்டார் வந்துபோன தமிழ்த் துறைமுகம் என்றாயிற்று. வேடிக்கை என்னவென்றால், இன்று அரிக்கமேட்டுக்குப் போகிறவர்களுக்குக் கண்முன் நிற்கும் செங்கல் தூண்கள் ரோமானியருடையவையே அல்ல. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுப்பிய கட்டடத்தின் எச்சம் அவை. அந்தத் தூண்களுக்கு நடுவே கவச உடையணிந்த ரோமானியனை நிறுத்திப் படம் பிடித்தால் எவ்வளவு பொருத்தமாகத் தோன்றும்! இடையில் சுமார் 1700 ஆண்டு இடைவெளி. படம் பொய் சொல்லும் முன்பே இடிபாடு பாதிப் பொய்யைச் சொல்லி வைத்திருக்கும். விவரம் கேட்காதவர் விழுந்துவிடுவார்.

அண்மைக் காலத்தில் மிக அதிகம் பேசப்பட்டது பொன்னியின் செல்வன். 2022இலும் 2023இலும் இரண்டு பாகங்களாக வந்தது. நந்தினி என்றொருத்தி இருந்தாளா என்று ஊரெல்லாம் விவாதம். இருந்ததற்குச் சான்று இல்லை. கல்கி படைத்த பாத்திரம் அவள். ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடையோர் என்று உடையார்குடிக் கல்வெட்டு சொல்லும் பெயர்களோ வேறு. ஆனால் அந்த விவாதமே தேவையற்றது. நாவல் என்று அட்டையில் போட்டிருக்கிறது. நாவலிலிருந்து எடுத்த படம் என்று திரையிலும் போட்டிருக்கிறது. கற்பனை என்று தெரிந்தே ரசிக்கும் கற்பனையால் யாரும் ஏமாறுவதில்லை. ஏமாற்றுவது எது? யாரும் கேள்வி கேட்காத பின்னணி. அந்தப் படத்தின் காட்சிகள் சில மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவிலும் குவாலியரிலும் எடுக்கப்பட்டவை. ஓர்ச்சா அரண்மனைகள் சோழர் மறைந்து சில நூற்றாண்டுகள் கழித்து புந்தேல ராஜாக்கள் கட்டியவை. நந்தினியைப் பற்றிச் சண்டையிட்டவர்கள் மாடத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சோழர் அரண்மனை எப்படி இருந்தது? கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது வெளிப்பட்டவை செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள். அதாவது செங்கல் சுவரும், மரச்சட்டமும், ஓட்டுக்கூரையும். கடாரம் வரை கப்பல் அனுப்பிய ராசேந்திரன் ஓட்டு வீட்டில் குடியிருந்தான் என்றால் சிலருக்கு மனம் ஒப்பாது. ஆனால் அந்தக் காலத்தில் கருங்கல் தெய்வத்துக்கு உரியது. மன்னன் ஆனாலும் மனிதன் செங்கல்லில் வாழ்ந்தான். கோயில் நிற்பதும் அரண்மனை மறைந்ததும் இதனால்தான். கல் அரண்மனையைத் திரையில் எழுப்பும்போது அழிவது அழகு மட்டுமா? ஒரு சமூகம் எதைப் பெரிதென்று எண்ணியது என்ற சேதியே அழிகிறது.

மீண்டும் பழவேற்காட்டுக்கு வரலாம். 1613ஐப் படம் எடுப்பவர் இங்கே எதை எதை மறைக்க வேண்டும்? கலங்கரை விளக்கத்தை மறைக்க வேண்டும். முதல் விளக்கம் எழுந்தது 1859இல். பக்கிங்காம் கால்வாயை மறைக்க வேண்டும். அது வெட்டத் தொடங்கியதே 19ஆம் நூற்றாண்டில், அந்தப் பெயர் ஒட்டியது 1876–78 தாதுவருடப் பஞ்சத்து நிவாரண வேலைக்குப் பின். சவுக்குத் தோப்புகளையும் மறைக்க வேண்டும். கரைநெடுக அது பரவியதும் அந்த நூற்றாண்டில்தான். கோட்டை மேட்டில் மண்டிய சீமைக்கருவேலம்? அதன் பெயரே சொல்கிறது, சீமையிலிருந்து வந்தது. அதுவும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பைபர் படகுகளைச் சொல்லவே வேண்டாம். பிறகு எஞ்சுவது என்ன? பனை, மணல், உப்பங்கழி, கட்டுமரம். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகு. கப்பல் கரைக்கு வராது, கரையிலிருந்து தள்ளியே நங்கூரமிடும். அலை உடையும் இடத்தைத் தாண்டிச் சரக்கையும் துரைமாரையும் கொண்டுபோய்ச் சேர்த்தவை இந்தத் தைத்த படகுகள். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். இதைப் படத்தில் காட்ட ஓவியக் கலைஞர் தேவையில்லை, கரையில் நிற்கும் முதியவர் ஒருவரைக் கேட்டால் போதும்.

பேச்சுமொழி? துரை கொச்சைத் தமிழில் அதட்டுவது சினிமா வழக்கம். இக்கரையில் வணிகரும் டச்சுக்காரரும் பேசிக்கொள்ள ஊடுமொழியாக இருந்தது போர்த்துக்கீசியம்தான். பகைவனின் மொழியில்தான் பேரம் நடந்தது. நடுவில் துபாஷிகள். 1630களில் ஆபிரகாம் ரொஜேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் பழவேற்காட்டில் ஏறத்தாழப் பத்தாண்டு இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் இந்து சமய வழக்கங்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் இறந்தபின் 1651இல் அது நூலாக அச்சேறியது. இந்து சமயத்தைப் பற்றி ஐரோப்பாவில் விரிவாக வந்த முதல் நூல்களில் அது ஒன்று. ஒருவர் தன் மதத்தைப் பரப்ப வந்தவர், மற்றவர் தன் மதத்தை விளக்கியவர். இருவரும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வாள்வீச்சு இல்லாத இந்தக் காட்சியை எந்தப் படம் எடுக்கும்?

கோட்டை வடிவம் தெரியாது என்ற சாக்கும் செல்லாது. டச்சுக்காரர்கள் கணக்குப்பிள்ளை புத்தி உள்ளவர்கள். எதையும் எழுதாமல் வரையாமல் விட்டதில்லை. பால்தேயஸ் என்ற டச்சுக்காரர் 1672இல் அச்சிட்ட நூலில் சோழமண்டலக் கரையின் ஊர்கள், கோட்டைகளின் செதுக்குப் படங்கள் உள்ளன. ஹாவர்ட் என்ற இன்னொரு டச்சுக்காரர் 1693இல் சோழமண்டலத்து டச்சு நிலையங்களைப் பற்றியே தனிநூல் எழுதினார். நிறுவனத்தின் கடிதங்களும் வரைபடங்களும் நெதர்லாந்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஊருக்குள்ளும் சாட்சி உண்டு. ஏரியில் பாடு என்னும் முறைவைத்து வலை விடும் தலைக்கிராமங்களில் ஒன்றின் பெயர் கோட்டைக்குப்பம். சுவர் போய் இருநூறு ஆண்டாயிற்று. பெயர் இன்னும் காவலுக்கு நிற்கிறது.

இறுதியாக, கோட்டைக்கு எதிரே உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கல்லில் வெட்டிய டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் இன்றும் கூர்மையாக உள்ளன. அதன் வாசலில் இருபுறமும் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன. மரணத்தை மறவாதே என்று 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட வழக்கம் அது. திரையில் அந்த வாசலை உள்ளபடியே காட்டினால் என்ன நடக்கும்? பேய்ப்படத்துக்குப் போட்ட செட் என்று அரங்கம் சிரிக்கும். பழவேற்காட்டில் அசலாக எஞ்சியிருப்பவற்றுள் போலி போலத் தோன்றுவது அது ஒன்றுதான்.